பன்னிரண்டு நொடி

விமானம் என்றால் மொத்தமே நாலு சீட்டு.
அது மீனம்பாக்கத்தில் ஏதோ கொட்டகையில் நிற்கிறதாம்.
மூலக்கொத்தளத்தில் என் கடை வாசலுக்கு
எலும்புகள் மட்டும் வந்து இறங்கின
ஒரு குட்டியானையின் முதுகில், கயிறு கட்டி.

ஆட்டோ சீட்டு தைத்திருக்கிறேன், வேன் சீட்டு,
ஒரு பல் டாக்டருக்குப் படுக்கிற நாற்காலி.
வானத்துக்குத் தைத்ததில்லை.

எஞ்சினியர் நௌஷாத் ஒரு தராசும் கொண்டுவந்தார்,
நகைக்கடையில் இருப்பது போல.
வெண்ணெய் நிறத் தோல் வேண்டுமாம் முதலாளிக்கு.
பெரியமேட்டில் வாங்கி வந்தேன், கன்னம் மாதிரி இருந்தது.
"சீட்டுக்கு ரெண்டு கிலோ கூடுதுக்கா.
நாலுக்கு எட்டு. எட்டு கிலோன்னா..."
பெட்ரோல் கணக்குப் போட்டார் அவர்.
எட்டு கிலோ என்றால் எனக்கு
தவழ்கிற பிள்ளை ஒன்று
ஏறி உட்கார்ந்த மாதிரி.

பெங்களூரில் முறைப்படி எரித்து
சீல் வைத்துத் தருவார்கள்.
அது அவர்கள் நெருப்பு.
எனக்கென்று ஒன்று மொட்டைமாடியில் மூட்டினேன்.
எண்ணெய் டின்னை அறுத்துக் காற்றை மறைத்து
துண்டைத் தொங்கவிட்டு, அடியில் சுடர்.
பன்னிரண்டு நொடி. பிறகு சுடரை எடுத்துவிட வேண்டும்.
அதுவாக அணைகிறதா என்று பார்க்க வேண்டும்.
டில்லிபாபு செல்போனைப் பார்த்து
கபடிக்கு எண்ணுவது போல எண்ணினான்.

வெல்வெட் எரியவில்லை,
காணாமல் போனது.
தோல் சுருண்டு முஷ்டி பிடித்தது,
ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வாசம்.
ரெக்சின் சொட்டியது.
சொட்டிய சொட்டும்
தரையில் கிடந்து எரிந்தது.

"எழுதிக்கோ" என்றேன்.
எங்கள் வரிசையில் நாற்பது குடிசை,
மேலே தார்ப்பாய், அதுவும் இப்படித்தான் சொட்டியது.
அன்றைக்கு யாரும் நொடி எண்ணவில்லை.
"எத்தினிக்கா?" என்றான் பையன்.
"எட்டு அங்குலம். எழுது."

கடைசியாகக் கம்பளி கலந்த சாம்பல் துணி.
சுடர் நாக்கை நீட்டியது,
முடி கருகும் நாற்றம் வந்தது,
நாலு நொடியில்
வாயை மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை முதலாளியே வந்தார்.
பெரிய உடம்பு, சின்னக் குரல்.
தோலைத் தடவினார். கம்பளியைத் தடவினார்.
நௌஷாத் டீ சொல்லப் போன நேரம் பார்த்து,
"இதுல எதும்மா வேர்வைக்குப் பிசுபிசுக்காது?" என்றார்.
"உள்ள ஏசி இருக்காதா சார்?"
"இருக்கும். மேல ஏறினா
எனக்குக் கை வேர்க்கும்."

வாங்கியது அவர்தான்.
யாருக்காக வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.
கிழக்கே துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று
கடையை உலுக்கிவிட்டுப் போனது,
பக்கத்திலிருந்த மேசையைச்
சட்டென்று பிடித்துக்கொண்டார்.

கம்பளியே என்று முடிவாயிற்று.
கைப்பிடிக்குத் தோல்தான் அழகு என்றார் நௌஷாத்.
நான் அதற்கும் கம்பளியையே சுற்றினேன்,
உள்ளே அரை விரல் கனம் கூடுதலாக நுரை வைத்து,
இறுக்கிப் பிடித்தால்
கொஞ்சம் இறங்கிக்கொடுக்கும்படி.
தராசு அதைக் காட்டியது: இருபத்திரண்டு கிராம்.
நௌஷாத் என்னைப் பார்த்தார்.
நான் ஊசியைப் பார்த்தேன்.

மிச்சம் ஒண்ணேகால் மீட்டர்.
என் கொழுந்தன் ஏசுபாதம்
காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுகிற ஆட்டோவின்
டிரைவர் சீட்டு கிழிந்து வருஷமாகிறது.
தைத்துப் போட்டேன்.
பீடி நெருப்பு விழுந்தால் தானே அணைந்துவிடும்,
பெங்களூர் சான்றிதழ் இருக்கிறது என்று
கல்மண்டபம் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.
ஒரே வாரத்தில் சங்கரா நாற்றம் ஏறிவிட்டது.

அதற்கு இத்தனை நொடி என்று
எந்தத் தாளிலும் போடவில்லை.
சோப்பு, எலுமிச்சை, வெயில்,
எல்லாம் பார்த்தாயிற்று.